ஹன்ஸின் மகள் எப்படி ‘மகன்’ ஆனாள்?

‘அசிங்கமான வாத்துக்குஞ்சு’ கதையைச் சின்ன வயதில் வாசிக்காத ஆக்கள் எங்களில் குறைவு. அதை எழுதினவர் ஹன்ஸ் கிறிஸ்டியன் அன்டர்சென். 1805இல் டென்மார்க்கின் ஒடென்ஸ நகரத்தில் பிறந்தவர். தகப்பன் சப்பாத்துத் தைக்கிற தொழிலாளி, பெயர் ஹன்ஸ் அன்டர்சென். தகப்பனின் தகப்பன் அன்டர்ஸ் ஹன்சென்.

‘சென்’ என்றால் மகன். இப்ப இந்த மூன்று தலைமுறையையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கோ. தாத்தா அன்டர்ஸ், ஹன்ஸ் என்ற ஒருவரின் மகன், ஆகவே ஹன்சென். அப்பா ஹன்ஸ், அன்டர்ஸின் மகன், ஆகவே அன்டர்சென். இதுவரை கணக்குச் சரி. ஆனால் கதாசிரியரின் தகப்பன் ஹன்ஸ். அப்படியெண்டால் மகன் ஹன்ஸ் கிறிஸ்டியன் ஹன்சென் ஆகத்தானே இருக்கவேணும்? உலகமே அறிந்த அந்தப் பெயரின் கடைசிப் பாதி, நியாயப்படி அவருடைய தகப்பனுக்கு உரியது.

இதை யாரும் பிழையாக எழுதிவிடவில்லை. அந்த நாட்டில் பெயர்கள் ஓடுவதை நிறுத்திக்கொண்டிருந்த காலம் அது. நகரத்தவர்கள் சிலர் தகப்பனின் ‘சென்’னை அப்படியே பிள்ளைக்கும் வைக்கத் தொடங்கியிருந்தார்கள். ஹன்சென் என்ற பெயர் இன்று இத்தனை பேரிடம் இருப்பதற்கான காரணம் இந்த உறைதலில்தான் இருக்கிறது.

முதலில் பெயர் எப்படி ஓடியது என்று பார்ப்போம். ஸ்கண்டினேவியாவில் சாதாரண சனத்துக்குக் குடும்பப்பெயர் என்ற ஒன்று இருக்கவில்லை. சொந்தப் பெயர், அதோடு யாருடைய பிள்ளை என்ற அடையாளம், அவ்வளவுதான். எங்கட போன்களில் இருக்கிற புளூடூத்துக்குப் பெயர் கொடுத்த பத்தாம் நூற்றாண்டு டேனிஷ் அரசன் ஹரால்டும் கோர்ம் என்பவரின் மகன்தான். அவர் ஜெலிங்கில் நாட்டிய கல்லில் தகப்பன் கோர்மின் பெயரோடு தாய் தீராவின் பெயரையும் வெட்டிவைத்தார். தாயின் பெயரும் கல்லில் இருக்கிறதைக் கவனியுங்கோ.

ஹன்ஸ் ஒல்சென் என்று ஒரு கமக்காரன் என்று வையுங்கோ. ஓலெ என்பவரின் மகன். அவனுடைய மனைவி காரி பேர்ஸ்டட்டர், அதாவது பேர் என்பவரின் மகள். கலியாணம் கட்டியதால் அவளுடைய பெயர் மாறாது. அவள் சாகும்வரைக்கும் பேரின் மகள்தான். இவர்களுடைய மகன் ஓலெ ஹன்சென், மகள் அன்ன ஹன்ஸ்டட்டர். ஒரே அடுப்பில் சாப்பிடுகிற நாலு பேருக்கு நாலு விதமான பின்பெயர். யாருக்கும் குழப்பம் வரவில்லை, ஏனென்றால் அது குடும்பத்தின் பெயர் இல்லை, ஒவ்வொரு ஆளையும் பற்றிய ஒரு தகவல்.

மூத்த மகனுக்குத் தகப்பன்வழித் தாத்தாவின் பெயரை வைப்பது அங்கே வழக்கம். அதனால் ஹன்ஸ் ஒல்சென், ஓலெ ஹன்சென், மறுபடி ஹன்ஸ் ஒல்சென் என்று பெயர்கள் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். இது எங்களுக்குப் புதினமா என்ன? தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் என்பதால்தானே ‘பெயரன்’, பிறகு ‘பேரன்’. கந்தையா வேலுப்பிள்ளை, வேலுப்பிள்ளை கந்தையா என்று மாறி மாறி வருகிற பழைய உறுதிகளைக் கண்டவர்களுக்கு ஒடென்ஸ சப்பாத்துத் தொழிலாளியின் வீடு அந்நியமாகத் தெரியாது.

ஹன்ஸ் என்ற பெயர் ஏன் இவ்வளவு பரவியது? அது யொஹான்னஸ் என்பதன் சுருக்கம், எங்கட ஊர் யோவானும் அருளப்பரும் அதே ஆள்தான். கிறிஸ்தவம் வந்தபிறகு வேதாகமப் பெயர்களும் புனிதர்களின் பெயர்களும் பழைய நோர்ஸ் பெயர்களை ஓரம் தள்ளின. ஜெர்மன் வணிகர்களோடு ஹன்ஸ் என்ற குறுவடிவமும் வடக்கே வேரூன்றியது. 1481 முதல் 1513 வரை டென்மார்க்கை ஆண்ட அரசனே ஹன்ஸ்தான். ஊருக்குள் புழங்கிய ஆண் பெயர்கள் கொஞ்சம். ஹன்ஸ், ஜென்ஸ், நீல்ஸ், பெடர், ஓலெ, அன்டர்ஸ் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்தச் சின்னப் பட்டியல்தான் பின்னால் பெரிய தொல்லையாக வந்தது.

பெயர் அமைப்பைப் பிடிப்பதற்கு எங்களிடம் ஒரு குறுக்குவழி இருக்கிறது. சமாதான காலத்துப் பேப்பர்களைப் புரட்டுங்கோ. நாங்கள் அப்போது பிறக்கவில்லை, அல்லது தவழ்ந்துகொண்டிருந்தோம், ஆனால் வீட்டுப் பெரியாக்களுக்கு அந்தப் பெயர்கள் மனப்பாடம். நோர்வேயின் விதார் ஹெல்கெசென், ஹெல்கெ என்ற பெயரிலிருந்து வந்தது. எரிக் சொல்ஹெய்முக்குப் பிறகு 2006இல் விசேட தூதராக வந்தவர் ஜோன் ஹன்சென் பௌவர், எங்கட ஹன்சென் இங்கேயே வந்து போயிருக்கிறார். போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவின் தலைவராக 2006இல் இருந்த உல்ஃப் ஹென்றிக்சொன் சுவீடன்காரர், அங்கே ‘சென்’ இல்லை, ‘சொன்’. நோர்வே 1814 வரை டென்மார்க்கோடு ஒன்றாக இருந்ததால், கொப்பன்ஹேகனில் படித்த பாதிரிமார் தேவாலயப் பதிவுகளில் டேனிஷ் வழக்கப்படி ‘சென்’ என்று எழுதினார்கள், அது நோர்வேயில் நிலைத்தது. அதே குழுவின் பேச்சாளர் தோர்ஃபினூர் ஓமர்சொன் ஐஸ்லாந்துக்காரர். மற்ற மூன்று பெயர்களும் எப்போதோ உறைந்தவை. அவருடையது மட்டும் இன்னும் ஓடுகிற பெயர், ஓமரின் மகன் என்றே பொருள். சொல்ஹெய்ம் வேறு சாதி: ‘சூரிய வீடு’ என்று அர்த்தம் வருகிற ஒரு பண்ணையின் பெயர். அதற்குப் பிறகு வருவோம்.

பெயரை நிறுத்துகிற வேலையை முதலில் பிரபுக்களிடம்தான் தொடங்கினார்கள். 1526இல் அரசன் முதலாம் ஃபிரெடெரிக், பிரபு குடும்பங்கள் நிலையான குடும்பப்பெயர் வைக்கவேண்டும் என்று கட்டளையிட்டான். 1620இல் கப்பல்களோடு இலங்கைக்கு வந்து திருகோணமலையைப் பிடித்துவைக்கப் பார்த்த ஓவெ கியெத்த அப்படி ஒரு பிரபு. கியெத்த என்றால் ஒரு வகை மீன். தகப்பனுக்கும் அதே பெயர். சாதாரண சனம் இன்னும் முந்நூறு வருஷம் தகப்பன் பெயரோடேயே ஓடிக்கொண்டிருந்தது.

1771இல் ஷ்லெஸ்விக் பகுதியில் தகப்பன்பெயர் முறைக்குத் தடை வந்தது. டென்மார்க் முழுவதற்கும் 1828இல் ஞானஸ்நானம் பற்றிய ஒரு கட்டளை வந்தது: பிள்ளைக்குச் சொந்தப் பெயரை மட்டும் வைத்தால் போதாது, அது இனிமேல் கொண்டிருக்கப்போகிற குடும்பப்பெயரையும் சேர்த்துப் பதியவேண்டும். பதிகிறவர்கள் பாதிரிமார். அவர்களுக்கே இது சரியாக விளங்கவில்லை. சிலர் தகப்பனின் பின்பெயரை எழுதினார்கள், சிலர் பழையபடி தகப்பனின் சொந்தப் பெயரில் ‘சென்’ சேர்த்தார்கள். 1856இல் திரும்பவும் தெளிவுபடுத்தவேண்டி வந்தது. அதற்குப் பிறகும் நாட்டுப்புறத்தில் பழைய வழக்கம் சட்டென்று சாகவில்லை. அரசாங்கத்துக்கு என்ன அவசரம் என்று கேட்டால், படைக்கு ஆள் எடுக்கிறவனுக்கும் சொத்துரிமை எழுதுகிறவனுக்கும் ஊஞ்சலாடுகிற பெயர் வசதிப்படாது.

இந்த இடத்தில்தான் நாங்கள் நின்று பார்க்க வேண்டும் என்று நினைக்கிறோம். ஏனென்றால் ஹன்சென் பற்றிய குறிப்புகள் பொதுவாக ‘ஹன்ஸின் மகன் என்று பொருள், பிறகு நிலையான பெயர் ஆனது’ என்று ஒரே மூச்சில் கடந்துவிடும். நிலையானது யாருடைய பெயர்? அன்ன ஹன்ஸ்டட்டர் என்ற மகளின் பெயர் நிலைக்கவில்லை. குடும்பத்துக்கு ஒரே பெயர் என்று வந்தபோது ‘சென்’ நின்றது, ‘டட்டர்’ போனது. அதற்குப் பிறகு பிறந்த பெண்பிள்ளையும் அன்ன ஹன்சென், அதாவது ‘ஹன்ஸின் மகன் அன்ன’. காரிக்கு நடந்தது இன்னும் மோசம். முந்தி பேரின் மகளாகவே இருந்து செத்திருப்பாள், இனி அவள் கணவன் வீட்டுப் பெயருக்குள் போகவேணும். கணவனின் ஏதோ ஒரு முப்பாட்டனுக்கு மகனாக ஆகிறாள் என்றும் சொல்லலாம். பழைய முறை ஒன்றும் சமத்துவச் சொர்க்கம் இல்லை, அதிலும் தகப்பன் பெயர்தான். ஆனாலும் அதில் மகள் மகளாக எழுதப்பட்டாள்.

நோர்வேயில் விஷயம் இன்னும் நீண்டது. அங்கே கிராமத்துக்காரருக்குத் தகப்பன் பெயரோடு பண்ணைப் பெயரும் உண்டு. ஆனால் அது விலாசம் மாதிரி. ஒரு பண்ணையை விட்டு இன்னொன்றுக்குப் போனால் பெயரும் மாறும். 1923இல் வந்த பெயர்ச் சட்டம் எல்லாருக்கும் பரம்பரைப் பெயர் வேண்டும் என்றது, மனைவி கணவனின் பெயரை எடுக்கவேண்டும் என்றும் வைத்தது. பண்ணைப் பெயரைப் பிடித்தவர்கள் சொல்ஹெய்ம் ஆனார்கள். நிலமில்லாமல் நகரத்துக்கு வேலை தேடி வந்தவர்கள் பலருக்குப் பிடிக்க ஒரு பண்ணை இருக்கவில்லை, அவர்களிடம் இருந்தது தகப்பன் மட்டும்தான். அவர்கள் ஹன்சென், ஒல்சென், லார்சென். பின்பெயரைக் கேட்டே பாட்டன் நிலம் வைத்திருந்தவனா இல்லையா என்று ஊகிக்கிற பழக்கம் எங்கட ஊரிலும் வேறு வடிவத்தில் இருக்கிறதுதான்.

இன்றைக்கு நோர்வேயில் அதிகம் பேரிடம் உள்ள பின்பெயர் ஹன்சென்தான், ஐம்பதாயிரத்தை அண்டிய ஆக்கள். இவர்கள் எல்லாரும் ஒரு ஹன்ஸின் வம்சம் இல்லை. தற்செயலாக, பெயர் உறைந்த அந்தத் தலைமுறையில் தகப்பனுக்கு ஹன்ஸ் என்று பெயர் இருந்தவர்களின் பிள்ளைகள். டென்மார்க்கில் நீல்சென், ஜென்சென் இரண்டுக்கும் அடுத்தபடி ஹன்சென். அங்கே பெயர்ப் பட்டியலில் ‘சென்’ இல்லாத முதல் பெயரைக் காண இருபதாம் இடத்தை அண்டி இறங்கவேணும், அது மொல்லர், மாவரைக்கும் ஆலைக்காரன்.

எல்லாருக்கும் ஒரே பெயர் என்றால் பெயர் வைத்த பயனே இல்லாமல் போகிறது. டேனிஷ் அரசு 1904இல் ஒரு சட்டம் போட்டு, ‘சென்’னை விட்டு வேறு பெயருக்கு மாற வழி திறந்தது. 1955இல் பிரதமர் ஹன்ஸ் ஹெட்டொஃப்ட் இறக்க, அடுத்துப் பிரதமரானவர் எச். சி. ஹன்சென். ஹன்ஸ் கிறிஸ்டியன் ஹன்சென்! கதாசிரியருக்குக் கிடைக்காத பெயர் கடைசியில் ஒரு பிரதமருக்குக் கிடைத்தது. ஹெட்டொஃப்ட்டும் பிறக்கும்போது ஹெட்டொஃப்ட்-ஹன்சென்தான், அந்த வாலை வெட்டிவிட்டார். பிறகு 1993 முதல் 2011 வரை தொடர்ந்து மூன்று பிரதமர்கள் ரஸ்முசென், ஒருவருக்கொருவர் உறவே இல்லை. சனம் நியூரூப், ஃபோக், லொக்க என்று நடுப்பெயரைச் சொல்லித்தான் சமாளித்தது. தொழுநோய்க் கிருமியை 1873இல் கண்டவரும் பேர்கனைச் சேர்ந்த ஒரு ஹன்சென், அவரையும் அர்மௌவர் ஹன்சென் என்று நடுப்பெயரோடுதான் சொல்வார்கள். மருத்துவத்தில் தொழுநோய்க்கு ‘ஹன்சென் நோய்’ என்று இன்னொரு பெயர். மட்டக்களப்பு மாந்தீவு வைத்தியசாலையில் வாழ்ந்து முடித்தவர்களின் நோய்க்குள்ளும் எங்கேயோ ஒரு ஹன்ஸின் பெயர் இருந்தது என்பதை நினைக்க விசித்திரமாகத்தான் இருக்கிறது.

ஐஸ்லாந்து மட்டும் நிறுத்தவில்லை. 1925இல் அங்கே வந்த சட்டம் தலைகீழ்: புதிதாகக் குடும்பப்பெயர் எடுக்கக்கூடாது. 1980இல் சனாதிபதியான விக்டிஸ் ஃபின்போகாடொத்திர், ஃபின்போகியின் மகள். அவருடைய தகப்பனோ தோர்வால்ட்சொன். தொலைபேசிப் புத்தகத்தில் சனாதிபதியையும் ‘வி’ எழுத்தில்தான் தேடவேண்டியிருந்தது. தாயின் பெயரைப் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு, உதைபந்தாட்ட வீரர் ஹெய்தர் ஹெல்குசொன், ஹெல்கா என்ற தாயின் மகன். நிலையான பெயர் இல்லாமல் ஒரு நாடு வரி வாங்குகிறது, தேர்தல் நடத்துகிறது, ஒன்றும் இடிந்துவிழவில்லை.

நோர்வேயும் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பழைய கதவைத் திறந்துவிட்டது, டென்மார்க்கில் அது 2006இல் நடைமுறைக்கு வந்தது. இப்போது தகப்பன் அல்லது தாயின் சொந்தப் பெயரில் ‘சென்’னோ ‘டட்டர்’ஓ சேர்த்துப் பின்பெயராக வைக்கலாம். நோர்வேயில் பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும்வரை பெற்றோர் எதையும் அறிவிக்காவிட்டால் தாயின் பின்பெயர் தானாக விழும்.

இதே சட்டத்துக்குள்தான் ஒஸ்லோவிலும் பேர்கனிலும் இருக்கிற எங்கட ஆக்களும் வருகிறார்கள். எங்கட பெயர் 1828க்கு முந்தின டேனிஷ் பெயர் மாதிரி, தகப்பன் பெயர் ஒரு தலைமுறைக்கு முன்னெழுத்தாக நின்றுவிட்டுப் போய்விடும். அங்கே படிவத்தில் ‘பின்பெயர்’ என்று ஒரு பெட்டி. கணவன் தன்ர தகப்பன் பெயரை எழுதினார். மனைவி எங்கட வழக்கப்படி கணவனின் சொந்தப் பெயரை எழுதினா. பிள்ளைகளுக்கும் அதே. ஒரு குடும்பம், இரண்டு பின்பெயர், பள்ளிக்கூடத்தில் விளக்கம் சொல்லிக் களைத்துப்போகும். பிறகு அந்தப் பிள்ளைகளுக்குப் பிள்ளை பிறக்கிறபோது பெயர் நின்றுவிடுகிறது. பேத்திக்குத் தாத்தாவின் சொந்தப் பெயர் பின்பெயர். அவ கலியாணம் கட்டினால் என்ன செய்வா என்பதை அவதான் முடிவெடுக்கவேணும், காரிக்கு 1923இல் அந்த வசதி இருக்கவில்லை. ஆனால் அந்தப் பெட்டியில் அம்மம்மாவின் பெயரை எழுதலாம் என்று அங்கே சட்டமே சொல்லியும், எழுதினவர்களை நாங்கள் இன்னும் சந்திக்கவில்லை. இங்கே இருந்துகொண்டு எங்கட முன்னெழுத்தை மாற்றுவது பற்றிப் பேசினாலே வீட்டில் சண்டை வருகிறதே, அவர்களைக் குறைசொல்லவும் முடியாது.

நோர்வேச் சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. நாட்டில் இருநூறு பேர் அல்லது அதற்குக் குறைவான ஆக்களிடம் உள்ள பின்பெயர் பாதுகாக்கப்பட்டது, அதை வேறொருவர் எடுக்கவேண்டும் என்றால் அந்தப் பெயர்க்காரர் எல்லாரும் சம்மதிக்கவேணும். ஹன்சென் ஆக யாரும் நாளைக்கே மாறலாம், ஒருவரையும் கேட்கத் தேவையில்லை. இங்கே கடித உறையில் ஒரு புள்ளியோடு ஒற்றை எழுத்தாக நின்ற ஒரு தாத்தாவின் பெயரை எடுக்கவேணும் என்றால், அவருடைய பேரப்பிள்ளைகள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கவேணும்.