சிங்க், பாத்ரூம் அடைச்சுக்கிச்சா? எதை நீங்களே சரி செய்யலாம், எங்கே நிறுத்த வேண்டும்?

திருப்பூரின் 15 வேலம்பாளையம், 2011-ல் மாநகராட்சியோடு இணைக்கப்படும் வரை தனி நகராட்சி. பனியன் தொழிலாளர்கள் வாடகைக்குக் குடியிருக்கும் லைன் வீடுகள் நிறைந்த பகுதி இது. பல வீட்டுக் கழிவுநீர் ஒரே குழாயில் சேரும் இடத்தில், ஒரு வீட்டில் அடைத்தால் வரிசைக்கே தலைவலி. "கொஞ்சம் ஆசிட் ஊத்துனா போயிடும்" என்பதுதான் பலரும் சொல்லும் முதல் யோசனை. அது சரியா? எந்த அடைப்பை வீட்டில் இருப்பவர்களே எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது? பார்க்கலாம்.

அடைப்பு எங்கே இருக்கு?

குச்சியை எடுப்பதற்கு முன்னால் இதைக் கவனிங்க.

• ஒரு சிங்க்கிலோ ஒரு பாத்ரூமிலோ மட்டும் தண்ணீர் நின்றால், அடைப்பு அதன் கீழேயே இருக்கும். நீங்களே எடுக்கலாம்.
• டாய்லெட்டில் தண்ணீர் ஊற்றினால் பாத்ரூம் தரையில் குமிழி வருகிறதா? எல்லா இடத்திலும் தண்ணீர் நிற்கிறதா? அடைப்பு மெயின் லைனிலோ சேம்பரிலோ இருக்கும். பிளம்பர் வேண்டும்.
• பக்கத்து வீடுகளிலும் இதே நிலை என்றால், பொதுக் குழாய், செப்டிக் டேங்க், தெருவில் உள்ள பாதாளச் சாக்கடை ஆகிய மூன்றில் ஒன்றில்தான் பிரச்னை. அங்கே நீங்கள் கை வைக்க வேண்டாம்.

எதனால் அடைக்கிறது?

வாஷ்பேசின், பாத்ரூம், டாய்லெட் என ஒவ்வொன்றின் கீழும் 'டிராப்' என்ற வளைவு இருக்கும். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். ஆனால் அழுக்கு முதலில் தங்குவதும் அதே வளைவில்தான்.

சமையலறையில் முக்கியக் காரணம் எண்ணெய். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழி, தை மாதங்களில் குழாய்க்குள் அது படிந்து, சோற்றுப் பருக்கையையும் டீத்தூளையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பாத்ரூமில் முடி. உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாகக் கரையாமல் திரிந்து, வெள்ளைப் பசையாகக் குழாயில் ஒட்டும். பனியன் கம்பெனிக்குப் போட்டுச் செல்லும் துணிகளைத் துவைக்கும்போது நூல் பிசிறும் பஞ்சும் சேர்ந்தால், முடியோடு பின்னிக் கயிறு மாதிரி ஆகிவிடும். இதை எந்தத் திரவமும் லேசில் கரைக்காது. வெளியே இழுத்துத்தான் எடுக்க வேண்டும்.

வீட்டிலேயே எடுப்பது எப்படி?

1. கையுறை போட்டுக்கொண்டு ஜல்லியைக் கழற்றுங்க. முடியையும் நூலையும் கொக்கி போல வளைத்த கம்பியால் மேலே இழுங்க. உள்ளே தள்ளாதீங்க.
2. சமையலறைச் சிங்க் என்றால் பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சம் விட்டு, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றுங்க. கொதிக்கும் நீர் பி.வி.சி. குழாயை இளக்கிவிடும், டாய்லெட் பீங்கானில் ஊற்றினால் விரிசல் விடலாம்.
3. ரப்பர் பம்ப் போடுங்க. ரப்பர் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். சிங்க்கில் மேல் ஓட்டை இருந்தால் ஈரத் துணியால் அடைத்துவிட்டு, 15 முதல் 20 முறை அழுத்தி இழுங்க. அந்த ஓட்டை வழியே காற்று போனால் பம்ப் வேலை செய்யாது.
4. அப்படியும் போகவில்லையா? கீழே பக்கெட் வைத்து, வாஷ்பேசினின் பாட்டில் டிராப்பையோ சிங்க்கின் வேஸ்ட் பைப்பையோ கழற்றிக் கழுவுங்க. பெரும்பாலும் கையால் திருகினாலே வந்துவிடும்.
5. அதற்கும் உள்ளே அடைப்பு என்றால், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஸ்பிரிங் கம்பியைச் சுழற்றியபடி விடலாம்.

சமையல் சோடாவும் வினிகரும்?

இரண்டும் சேர்ந்து பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும். வருவது கார்பன் டை ஆக்சைடு வாயு. மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புக் கரைசல். எண்ணெய்ப் பசையைக் கரைக்கும் சக்தி அதற்கு இல்லை. ஆபத்தும் இல்லை, பெரிய பலனும் இல்லை.

ஆசிட், பிளீச்சிங் பவுடர்: சேர்க்கவே கூடாது

டாய்லெட் கழுவும் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். முதல் உலகப் போரில் 1915-ல் ஆயுதமாகப் பயன்படுத்தப்பட்ட அதே வாயு. ஜன்னல் இல்லாத சின்ன பாத்ரூமில் மூச்சுத்திணற இதுவே போதும். அப்படி நடந்தால் எதையும் கழுவ நிற்காமல் உடனே வெளியே வாங்க. மூச்சு சிரமமாக இருந்தால் 108-ஐ அழையுங்க.

டிரெய்ன் கிளீனர் பவுடர்களில் பலவும் காஸ்டிக் சோடா. தண்ணீரில் பட்டதும் கடுமையாகச் சூடேறும். அதன் மேல் ஆசிட் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். எந்தக் கெமிக்கல் ஊற்றினாலும் அதற்குப் பிறகு பம்ப் போடாதீங்க. பிளம்பர் வந்தால் என்ன ஊற்றினீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுங்க. கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

செப்டிக் டேங்க்: இங்கேதான் நிறுத்த வேண்டும்

மூடியைத் திறந்து "ஒரு ஆளை இறக்கிடலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் வாயுக்கள் இருக்கும். ஆக்சிஜன் குறைவாக இருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் வீசும். ஆனால் அளவு கூடினால் மூக்கு அதை உணரும் சக்தியை இழந்துவிடும். 'நாற்றமே இல்லையே' என்று இறங்குபவர் அங்கேயே மயங்கி விழுவார். காப்பாற்ற இறங்குபவரும் அடுத்து சாய்வார். ஒரே தொட்டியில் இரண்டு, மூன்று பேர் இறந்துபோவது இப்படித்தான்.

மனிதக் கழிவுகளை மனிதர்களே அகற்றுவதைத் தடை செய்யும் 2013-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, செப்டிக் டேங்க், சாக்கடையில் ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய ஆளை இறக்கினால் முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம். இது வீட்டு ஓனருக்கும் பொருந்தும். சாக்கடை மரணங்களுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது.

எனவே செப்டிக் டேங்க் நிரம்பினால் உறிஞ்சும் லாரிதான் ஒரே வழி. தமிழ்நாட்டில் 14420 என்ற எண்ணை அழைக்கலாம். தெருவில் உள்ள பாதாளச் சாக்கடை என்றால் மாநகராட்சியில் புகார் கொடுங்க. வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஓனரிடம் உடனே சொல்லிவிடுவது நல்லது.

மறுபடி அடைக்காமல் இருக்க...

• பொரித்த எண்ணெயைச் சிங்க்கில் ஊற்ற வேண்டாம். வாணலியைப் பனியன் வேஸ்ட் துணியால் துடைத்துவிட்டுக் கழுவுங்க. துணியைக் குப்பையில் போடுங்க.
• துணி துவைக்கும் இடத்தில் ஜல்லி மேல் சின்ன வலை போடுங்க.
• நாப்கின், டயப்பர், துணித்துண்டு எதுவும் டாய்லெட்டுக்குள் போகக் கூடாது.
• செப்டிக் டேங்க்கை 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை லாரி மூலம் காலி செய்யுங்க.