புதுக்கோட்டை அறிவொளி இயக்கம்: ஒரு வரலாற்றுப் பார்வை

புதுக்கோட்டை மண்ணுக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது. சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர் ஒருவருக்கென அமைக்கப்பட்ட கற்படுக்கையின்மீது தமிழ்ப் பிராமி எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன. குடுமியான்மலையின் பாறைச் சரிவில் இசைக் குறிப்புகளையே எழுத்தாக்கிய புகழ்பெற்ற கல்வெட்டு உள்ளது. கல்லில் எழுத்தைப் பொறித்து வைத்த பெருமை இவ்வட்டாரத்திற்கு உண்டு. ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இதே பகுதியில் கல்லுடைத்துப் பிழைத்த பெண்களுள் மிகப் பலர், எந்த எழுத்தையும் அறியாதவராகவே இருந்தனர். கற்றவர்க்கும் கல்லாதவர்க்கும் இடையிலிருந்த இந்தத் தொலைவைக் குறைப்பதற்கு 1991, 1992ஆம் ஆண்டுகளில் நடந்த பெருமுயற்சியே அறிவொளி இயக்கம் ஆகும்.

முன்னோட்டம்

முதியோர் கல்வி நம் நாட்டிற்குப் புதியதன்று. விடுதலைக்கு முன்பே இரவுப் பள்ளிகள் பல ஊர்களில் நடந்தன. விடுதலைக்குப் பின், 1978 அக்டோபர் 2ஆம் நாள் தேசிய முதியோர் கல்வித் திட்டம் தொடங்கப்பெற்றது. ஊருக்கொரு மையம், மையத்திற்கொரு ஆசிரியர், அவருக்குச் சிறு மதிப்பூதியம் என்ற அமைப்பில் அது நடந்தது. மையங்கள் பெருகின. ஆனால் கற்க வருவோர் இடையிலேயே நின்றுவிடுவதும், பதிவேட்டில் உள்ள பெயர்கள் வகுப்பில் இல்லாமற் போவதும் அதன் தீராத குறைகளாக இருந்தன. திட்டம் அரசுடையதாக இருந்ததேயன்றி ஊருடையதாக ஆகவில்லை.

1988 மே 5ஆம் நாள் தேசிய எழுத்தறிவு இயக்கம் நிறுவப்பெற்றது. அடுத்த ஆண்டில் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தும் மாவட்ட நிர்வாகமும் கைகோத்து, ஊதியம் பெறாத தொண்டர்களைக் கொண்டு ஒரு மாவட்டம் முழுவதற்கும் ஒரே காலத்தில் எழுத்தறிவிக்க முனைந்தன. 1990 பிப்ரவரி 4ஆம் நாள் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பெற்றது. உலக நாடுகள் எழுத்தறிவு ஆண்டாகக் கொண்டாடிய 1990ஆம் ஆண்டிலேயே இச்செய்தி வந்தமையால் நாடெங்கும் அதன் எதிரொலி கேட்டது. தமிழ்நாட்டில் அதனைச் செவிமடுத்தவர்களுள் முதன்மையானோர் 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர்.

களம்

சமஸ்தானமாக இருந்து 1948இல் இந்திய ஒன்றியத்துடன் இணைந்த புதுக்கோட்டை, 1974 ஜனவரி 14ஆம் நாள் தனி மாவட்டமாயிற்று. வானம் பார்த்த பூமி, கண்மாய்களை நம்பிய வேளாண்மை, பேராறு இல்லை, பெருந்தொழில் இல்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் கல்குவாரியும் கூலி வேலையுமே கதி. மாகாணத்தின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவரும் சட்டமன்றம் கண்ட முதல் பெண்மணியுமான முத்துலட்சுமி ரெட்டி பிறந்த ஊர் புதுக்கோட்டை என்பது உண்மையே. அவர் அரசர் கல்லூரியில் பயில இடம் பெற்றதே அன்று பெரும் புதுமையாக இருந்தது. எனினும், 1991ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகப் பெண்களின் எழுத்தறிவு 51.33 விழுக்காடாக இருந்தபோது, புதுக்கோட்டை மாவட்டப் பெண்களுள் எழுத்தறிந்தோர் பாதிக்கும் குறைவே. ஒருவருக்குத் திறந்த கதவு பல்லாயிரவர்க்கு மூடியே கிடந்தது.

இந்நிலையில் 1991இல் மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கமும், அறிவியல் இயக்கத்தினரின் உழைப்பும் ஒன்றுகூடின. ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட மாவட்ட எழுத்தறிவுக் குழுவின்கீழ் அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. அரசின் வாகனமும் அச்சகமும் ஒருபுறம். ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், இளைஞர்கள், மாதர் அமைப்பினர் மறுபுறம். இவ்விரண்டில் ஒன்று மட்டும் இருந்திருப்பின் இயக்கம் உருவாகியிராது என்பதே அதனை ஆராய்ந்தோர் பலரின் முடிபு.

தொண்டர்களும் வகுப்புகளும்

முதற்பணி கணக்கெடுப்பு. தொண்டர்கள் வீடுவீடாகச் சென்று எழுத்தறியாதவர் யார் யார் எனக் குறித்தனர். இக்கணக்கெடுப்பு வெறும் எண்ணிக்கையாக நிற்கவில்லை. வாயிற்படியில் நின்று பேசிய அந்தச் சில நிமிடங்களே அழைப்பாகவும் அமைந்தன. அடுத்து வந்தது கலைப்பயணம். ஆடலும் பாடலும் வீதி நாடகமுமாகக் கலைக்குழுக்கள் ஊரூராகச் சென்றன. தெம்மாங்கு, கும்மி, ஒப்பாரி என மக்கள் அறிந்த மெட்டுகளில் புதிய சொற்கள் ஏறின. முற்போக்கு எழுத்தாளர்களும் நாட்டுப்புறக் கலைஞர்களும் ஒரே மேடையில் நின்றனர். தமிழிலக்கிய உலகம் பாமர மக்களிடம் நேரிற் சென்று கேட்டும் சொல்லியும் உறவாடிய காலங்களுள் இதுவும் ஒன்று.

வகுப்பின் அமைப்பு எளியது. ஏறத்தாழப் பத்துப் பேருக்கு ஒரு தொண்டர். பள்ளிப் படிப்பை முடித்தவரோ இடையில் விட்டவரோ ஆகிய அவ்வூர் இளைஞர்களே, குறிப்பாக இளம்பெண்களே, பெரும்பாலும் ஆசிரியர் ஆயினர். ஊதியம் இல்லை. வகுப்பு நடக்கும் நேரத்தையும் இடத்தையும் கற்போரே முடிவு செய்தனர். நாற்று நடவும் களையெடுப்பும் முடிந்து, உலை வைத்து இறக்கிய பின்னர், கோயில் மண்டபத்திலோ தெருவிளக்கின் அடியிலோ யாரேனும் ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ அவர்கள் கூடினர். தன் மகள் வயதுடைய பெண்ணிடம் தாய் பாடம் கேட்கும் புதிய உறவு அங்கே பிறந்தது. ஊரில் எவரும் பொருட்படுத்தாத இருபது வயதுப் பெண்ணை ‘டீச்சர்’ என்று மூத்தோர் அழைத்தனர். அந்த ஒரு சொல்லே பல தொண்டர்களுக்குக் கிடைத்த முழு ஊதியம் எனலாம்.

பாடநூல் மூன்று படிநிலைகளைக் கொண்டது. ஏறத்தாழ இருநூறு மணி நேரத்தில் முடிக்கத்தக்கது. அ, ஆ என்று அரிச்சுவடி முறையில் தொடங்காமல், பொருளுள்ள சொல்லிலிருந்து எழுத்தைப் பிரித்தறியும் முறையில் அது அமைந்தது. அறிவொளிப் பாடத்தின் தொடக்கச் சொற்களாகப் ‘பட்டா’, ‘படி’ என்பவை வைக்கப்பட்டன. நிலமற்றவர்க்கு முதலில் கற்பித்த சொல் பட்டா என்பது தற்செயலன்று. யார் பெயரில் பட்டா உள்ளது, யாருக்கு இல்லை, ஏன் இல்லை என்னும் பேச்சு வகுப்பில் எழுந்த பின்னரே கரும்பலகையில் எழுத்து விழுந்தது. நிமிடத்திற்கு முப்பது சொற்கள் வாசித்தல், பார்த்து எழுதுதலில் ஏழு சொற்கள், சொல்வதை எழுதுதலில் ஐந்து சொற்கள், நூறு வரை எண்ணறிதல், எளிய கூட்டல் கழித்தல் முதலியன தேசிய இயக்கம் வகுத்த தேர்ச்சி அளவுகள். கதிர் அறுத்துக் காய்ப்பேறிய விரல்களுக்கு, நிமிடத்திற்கு ஏழு சொற்கள் என்பது சிறிய மலையன்று.

சக்கரங்கள்

அறிவொளியின் வரலாற்றில் மிதிவண்டி பெற்ற இடம் தனித்தது. தொண்டர்கள், குறிப்பாகப் பெண் ஒருங்கிணைப்பாளர்கள், ஊர் விட்டு ஊர் செல்ல வேண்டியிருந்தது. பேருந்து அரிது, ஆண்துணையின்றிச் செல்லுதல் அரிதினும் அரிது. எனவே மிதிவண்டி ஓட்டக் கற்றலையும் எழுத்தறிவின் ஒரு பகுதியாகவே இயக்கம் ஏற்றுக்கொண்டது. ஒருங்கிணைப்பாளர்கள் மிதிவண்டி வாங்க வங்கிகள் கடன் தருமாறு ஆட்சியர் ஏற்பாடு செய்தார். இயக்கத்தைச் சேர்ந்த முத்து பாஸ்கரன் இயற்றிய மிதிவண்டிப் பாடல் ஊர்தோறும் ஒலித்தது.

மாலை வேளைகளில் பொட்டல் வெளிகளில் பெண்கள் ஓட்டிப் பழகினர். கேலிப் பேச்சும் பழிச்சொல்லும் எழாமலில்லை. 1992 மார்ச் மாதம் அனைத்துலக மகளிர் நாளில், கைப்பிடிகளில் கொடிகள் பறக்க, ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் மணியொலித்துப் புதுக்கோட்டை நகரில் மிதிவண்டியில் அணிவகுத்தனர். இதழாளர் பி. சாய்நாத் இந்நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து, 1996இல் வெளிவந்த தம் நூலில் சேர்த்துள்ளார். மகளிர்க்கான வண்டிகள் போதாமற் போனமையால் பலர் ஆண்களுக்குரிய வண்டிகளையே வாங்கினர் என்றும், முன்கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் என்பதால் சிலர் அதனையே விரும்பினர் என்றும் அவர் குறித்திருப்பது சுவையானது. தண்ணீர்க் குடங்களும் விறகும் விளைபொருளும் சுமந்து செல்ல, கணவனின் ஓய்வு நேரத்திற்கும் பேருந்தின் வருகைக்கும் காத்திராத நிலை உருவாயிற்று.

கல்லுடைக்கும் பெண்களிடையே இயக்கம் வேறொரு வடிவம் கொண்டது. ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு உழைத்தவர்கள் குழுக்களாகத் திரண்டு, குவாரிகளின் குத்தகையைத் தாமே பெற்றனர். எழுத்தும் கணக்கும் அங்கே ஏட்டுப் பாடமாக இராமல், எத்தனை லோடு, என்ன விலை, எவ்வளவு பாக்கி என்னும் வாழ்க்கைக் கேள்விகளாக மாறின. ஆயினும் ஒப்பந்தக்காரரின் எதிர்ப்பு வலியது. ஆட்சியர் மாறிச் சென்றபின் நிர்வாகத்தின் முன்னைய ஆதரவு அதே அளவில் நீடிக்கவில்லை. ஓர் அதிகாரியின் நல்லெண்ணத்தைச் சார்ந்து நிற்கும் உரிமை எத்துணை மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதற்கு அது சான்றாயிற்று.

அறிவிப்பும் அதன்பின்னும்

1992 ஆகஸ்டில் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பெற்றது. விழா பெரிது, மகிழ்ச்சி உண்மையானது. ஆனால் விழாவிற்குப் பிந்திய ஆண்டுகளே இயக்கத்தின் உண்மையான தேர்வுக்களம். சில மாதங்களில் கற்ற எழுத்து, பயன்படுத்தாவிடில் சில மாதங்களிலேயே மறக்கும். படிப்பதற்கு எளிய நூல்கள் வேண்டும், கூடிப் பேச இடம் வேண்டும், தொண்டர் வேண்டும். அறிவொளி இதனை அறியாமலில்லை. பெரிய எழுத்தில் சிறு நூல்களை வெளியிட்டது. வளர்கல்வி மையங்கள் பின்னர் வந்தன. எனினும் தொடக்கத்தின் அலை தொடர்ச்சியில் இல்லை. தொண்டர்களாக இருந்த பெண்கள் மணமாகி வெளியூர் சென்றனர். இளைஞர்கள் வேலை தேடிச் சென்றனர். எழுதப் படிக்கக் கற்றோருள் பலர் கையெழுத்து மட்டுமே எஞ்சிய நிலைக்குத் திரும்பினர்.

இங்கே ஒரு வினா எழுகிறது. கையெழுத்து மட்டும் எஞ்சியதெனில் இயக்கம் தோற்றதா? புதுக்கோட்டைச் சிற்றூர்களில் தங்கி அறிவொளியின் பிற்காலத்தை ஆய்ந்த மானிடவியலர் பிரான்சிஸ் கோடி, 2013இல் வெளியிட்ட தம் நூலில் இக்கேள்வியை விரிவாக எடுத்துக்கொள்கிறார். ஆட்சியர் அலுவலகத்தில் மனுக்கொடுக்கச் செல்லும் பெண்கள் கைநாட்டு வைக்காமல் கையெழுத்து இடுவதன் பொருளை அவர் ஆராய்கிறார். மை தடவிய பெருவிரலை எழுத்தர் பிடித்து அழுத்திய காலத்தில் மனுவின்மீது பதிந்தது ஓர் உடலின் அடையாளம். தானே எழுதிய பெயர் பதிந்தபோது அங்கே ஒரு மனிதர் நின்றார். எனினும் கையெழுத்து இட்டவுடன் பட்டா வந்துவிடவில்லை. சுடுகாட்டுக்குப் பாதையோ குடிநீரோ வந்துவிடவில்லை. எழுத்தறிவு விடுதலைக்கு வழி என்னும் நம்பிக்கையும், எழுத்தறிந்தும் மாறாத அலுவலகக் கதவும் நேருக்கு நேர் நின்றன. அறிவொளியை மதிப்பிடுவோர் இவ்விரண்டையும் சேர்த்தே காணல் வேண்டும். ஒன்றை மட்டும் சொல்வது புகழுரை. மற்றதை மட்டும் சொல்வது பழியுரை. இரண்டையும் சொல்வதே வரலாறு.

மிதிவண்டியோ நிலைத்தது. 1995 ஏப்ரலில் சாய்நாத் மீண்டும் புதுக்கோட்டை வந்தபோது, இயக்கத்தின் வேகம் தணிந்திருந்த நிலையிலும் பெண்களின் மிதிவண்டி ஆர்வம் தணியவில்லை என்பதைக் கண்டார். மாதந்தோறும் நாள்தோறும் தேவைப்பட்ட திறன் தங்கிற்று. தேவைப்படாத திறன் தேய்ந்தது. முதியோர் கல்வியை நடத்தப் புகுவோர் மறவாதிருக்க வேண்டிய பாடம் இதுவே. கற்பிப்பதற்கு முன், கற்றதை நாளை எங்கே பயன்படுத்துவார் என்று கேட்டல் வேண்டும்.

இயக்கத்தின் வரலாற்றை அதில் பங்கேற்றோரே எழுதியுள்ளமை தமிழுக்குக் கிடைத்த பேறு. பொருளியலறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் இணைந்து புதுக்கோட்டை அனுபவத்தை 1996இல் ஆங்கில நூலாக்கினர். நெல்லை மாவட்ட அறிவொளியில் பணியாற்றிய எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன், ‘இருளும் ஒளியும்’ என்னும் நூலில் தம் பட்டறிவைப் பதிவு செய்துள்ளார். ஆனால் தெருவிளக்கின்கீழ் ஊதியமின்றிப் பாடம் சொன்ன பல்லாயிரம் இளம்பெண்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. அவர்களுள் பலருக்கு இன்று வயது ஐம்பதைக் கடந்திருக்கும். அவர்தம் நினைவுகளை ஊர்தோறும் கேட்டுப் பதிவு செய்தல் இலக்கிய அமைப்புகள் மேற்கொள்ளத்தக்க பணி. காலம் கடந்தால் கைகூடாத பணி.

தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் இடத்தில் 2009 செப்டம்பர் 8ஆம் நாள் ‘சாட்சர் பாரத்’ திட்டம் வந்தது. அது 2018இல் முடிவுற்றது. 2022 முதல் 2027 வரையிலான காலத்திற்கெனப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் வகுக்கப்பெற்றது. அதுவும் ஊதியம் பெறாத தன்னார்வலர்களையே நம்புகிறது. 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு ஏறத்தாழ 80 விழுக்காடு. எஞ்சியோர் பெரும்பாலும் மூத்தோர். அவர்களுள் பெண்களே மிகுதி. திட்டங்கள் பெயர் மாறலாம், பாடநூலும் மாறலாம். ஒரு மாலையில், ஓர் ஊரில், கற்றவர் ஒருவர் கல்லாதவர் பத்துப் பேருடன் தரையில் அமர்வதே எல்லாத் திட்டங்களுக்கும் உயிர். அதனைப் பெரும்படியாகச் செய்து காட்டியது புதுக்கோட்டை. அமர்ந்தவர் எழுந்து சென்றபின் வகுப்பு என்னாகும் என்னும் கேள்வியையும் அதுவே விட்டுச் சென்றது. இனி வருவோர் விடை காண வேண்டியது அக்கேள்விக்கே.