களை பறித்தவர்களின் கணக்கு

மாப்பிள்ளைச் சம்பா என்று நெல்லின் பெயரைச் சொன்னதும் வகுப்பில் மாணவிகள் சிரிப்பார்கள். இளவட்டக்கல்லைத் தூக்கிப் பெண் கேட்க வருபவனுக்கு வலுவூட்டிய அரிசி என்று அதற்கொரு கதை உண்டு. அந்த விதையைக் காயவைத்து, நொச்சி இலை போட்டு, அடுத்த பட்டத்துக்குக் காப்பாற்றிக் கொடுத்தவளைப் பற்றி ஒரு கதையும் நான் கேட்டதில்லை.

1960இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்குத் தேர்வான முதல் மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. அடுத்த சில ஆண்டுகளில் ஆடுதுறை 27 வந்தது, 1966இல் ஐ.ஆர். 8 வெளியானது. யூரியா போட்டால் பழைய நெட்டைப் பயிர் சாய்ந்துவிடும், குட்டைப் பயிர் நிற்கும். விளைச்சல் கூடியது, பசி குறைந்தது. அதை மறுக்க முடியாது. கூடவே மாட்டுக்கான வைக்கோல் குறைந்தது. விதை, பெண்கள் காத்த குதிரிலிருந்து வேளாண் கிடங்குக்கு இடம் மாறியது. பயிற்சிக்கு அழைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் நிலமுள்ள ஆண்கள்.

பிறகு நம்மாழ்வாரும் 'நெல்' ஜெயராமனும் பாரம்பரிய விதைகளை மீண்டும் ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தார்கள். நானும் பூங்கார் வாங்கிச் சமைக்கிறவள்தான். ஆனால், மேடைகளில் ‘முன்னோர் வேளாண்மை’ என்ற சொல் வரும்போதெல்லாம் உறுத்துகிறது. ரசாயனம் இல்லாத அந்தக் காலத்தில் வயலில் நின்றவர்கள் பண்ணையாட்கள். அவர்களைக் காக்க 1952இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. புதிய நெல் வந்த பிறகும் கூலிக்கான சண்டை ஓயவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். எருவும் யூரியாவும் மாறிமாறி வந்தன. கூலி கேட்டவர்களின் நிலை அப்படியேதான் இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓர் இயற்கை வயலுக்குப் போயிருந்தேன். முதல் சில ஆண்டுகள் விளைச்சல் விழுந்ததையும், வியாபாரி விலை தர மறுத்ததையும் உரிமையாளர் விளக்கினார். வரப்பில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த களை பறிக்கும் அக்காவிடம், “உங்களுக்கு எதுக்கா நல்லது?” என்று கேட்டேன்.

“மருந்தடிச்சா எங்க வேலை போச்சு. அடிக்காட்டி இடுப்பு போச்சு. இதுல எதை நல்லதுங்கறது டீச்சர்?”

எனக்குப் பதில் இல்லை. களைக்கொல்லி பறித்தது பெண்களின் கூலியை. இயற்கை வேளாண்மை அந்த வேலையைத் திருப்பித் தருகிறது. ஆணுக்குத் தரும் கூலியை அந்த வேலைக்குத் தருவதில்லை. சமக்கூலிச் சட்டம் வந்தது 1976இல்.

இயற்கையா, ரசாயனமா என்று விவசாயிகளிடம் கருத்துக் கேட்கிறோம். விவசாயி என்றால் பட்டாவில் பெயர் உள்ளவர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் சாகுபடிக் கைப்பற்றுகளில் பெண்களுடையவை சுமார் 14 விழுக்காடு. தமிழ்நாட்டில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்ற சட்டம் வந்தது 1989இல்.

எங்கள் வீட்டு நிலத்தில் அப்பா யூரியா போட்டார். ஒரு மூலையில் மட்டும் அம்மா எருவிட்டுக் கிச்சிலிச் சம்பா நடுவார், வீட்டுச் சாப்பாட்டுக்கு. அவரிடம் எந்த அதிகாரியும் எதுவும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையை அவரே சொல்லியிருப்பார். பட்டாவில் இன்றும் அவர் பெயர் இல்லை. உங்கள் வீட்டுப் பட்டாவை எடுத்துப் பாருங்கள்.