அணையாத நிலத்தடி நெருப்பு: ஜரியா நிலக்கரி வயலின் வரலாறு

அடுப்பில் கனலும் கரியை அணைக்க நாம் என்ன செய்கிறோம்? நீர் தெளிக்கிறோம், அல்லது மண்ணைப் போட்டு மூடிவிடுகிறோம். சற்று நேரத்தில் கனல் அடங்கிவிடுகிறது. ஆனால் 1916ஆம் ஆண்டில் முதன்முதலாகத் தென்பட்டு, பிறகு பல இடங்களில் தோன்றிய ஒரு கரி நெருப்பு இன்றும் முற்றிலும் அணையவில்லை என்றால் வியப்பாக இல்லையா? ஜார்க்கண்ட் மாநிலத்தில், தன்பாத் நகரை அடுத்துள்ள ஜரியா நிலக்கரி வயலில்தான் இந்த நெருப்பு எரிகிறது. இது எரிமலையைப் போல இயற்கை மூட்டிய நெருப்பு அன்று, மனிதன் மூட்டியது. எப்படி என்று பார்ப்போம்.

கரி பிறந்த கதை

ஏறக்குறைய 25 கோடி முதல் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகா ஆகியவை ஒரே பெருநிலமாக இணைந்திருந்தன. கோண்டுவானா நிலம் என்று அதற்குப் பெயர். அந்நிலத்தை மூடியிருந்த பனிப்பாறைகள் உருகி விலகிய பின்பு, தாழ்வான இடங்களில் சதுப்பு நிலங்கள் தோன்றின. அங்கே குளோசாப்டெரிஸ் முதலிய தாவரங்கள் செழித்து வளர்ந்தன. மடிந்து நீரில் விழுந்தன.

வெட்டவெளியில் விழும் மரம் மக்கி மறைந்து போகிறது. நீருக்கும் சேற்றுக்கும் அடியில் போன மரத்துக்குக் காற்றுப் படுவதில்லை. ஆகவே அது முழுதும் மக்குவதில்லை. மேலே மணலும் களிமண்ணும் படியப் படிய, அழுத்தமும் வெப்பமும் அதை நிலக்கரியாக மாற்றின. தாமோதர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நிலம் பிளவுபட்டுத் தாழ்ந்தபோது இந்த அடுக்குகளும் உடன் தாழ்ந்து, அரிப்புக்குத் தப்பின. ஜரியாவில் சுமார் 450 சதுர கிலோமீட்டர் பரப்பில் கரி அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன.

இங்கே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: காற்றுப் படாமையே கரி பிறக்கவும், பல கோடி ஆண்டுகள் நிலைத்திருக்கவும் காரணம்.

ரயிலும் எஃகும்

இந்தியாவில் நிலக்கரி வெட்டும் தொழில் 1774இல் ராணிகஞ்சில் தொடங்கியது. ஜரியாவின் முறை 1890களில்தான் வந்தது. ரயில் பாதை அங்கே எட்டியதும் சுரங்கங்கள் பெருகின. ஜரியாவின் கரி சாதாரணக் கரி அன்று. காற்றில்லாமல் சூடேற்றினால் இளகி, பிறகு உறுதியான கல்கரியாக இறுகும் உயர்வகை அது. இரும்புத் தாதுவை உருக்கும் ஊதுலைக்குக் கல்கரி இன்றியமையாதது. ஜாம்ஷெட்பூரில் 1912இல் எஃகு உற்பத்தி தொடங்கியது. 1914இல் உலகப் போர் மூண்டது. கரியின் தேவை விரைந்து ஏறியது.

அன்றைய சுரங்கங்கள் எப்படி வெட்டப்பட்டன? கரி அடுக்கினுள் அறை அறையாகக் குடைந்து, கூரையைத் தாங்க இடையிடையே கரியையே தூண்களாக விட்டு வைப்பார்கள். இதில் தவறில்லை. ஆனால் பல இடங்களில் இந்தத் தூண்களையும் இளைத்தார்கள். வெற்றிடத்தை நிரப்பாமலே அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்கள். மெலிந்த தூண்கள் நொறுங்கின; கூரை சரிந்தது; மேல்நிலம் வெடித்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக மூடிக் கிடந்த கரிக்கு வெடிப்புகளின் வழியே காற்று கிடைத்தது.

தீக்குச்சி இல்லாத தீ

ஈரம் காயாமல் போட்ட வைக்கோல் போருக்குள் கையை விட்டால் சூடு தெரியும். சில சமயம் அது தானே புகையத் தொடங்குவதும் உண்டு. கரியும் இப்படிப்பட்டதே. நொறுங்கிய கரி காற்றிலுள்ள பிராணவாயுவுடன் மெல்லச் சேர்கிறது. அப்போது வெப்பம் பிறக்கிறது. காற்று நன்றாக வீசினால் அந்த வெப்பம் வெளியேறிவிடும். காற்று சிறிதும் இல்லையென்றால் வெப்பம் பிறக்கவே பிறக்காது. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலைதான் ஆபத்து. கைவிடப்பட்ட சுரங்கத்தில் உள்ளது அந்த நிலைதான். வெப்பம் தேங்குகிறது, சூடு ஏற ஏறச் சேர்க்கையும் விரைவடைகிறது, முடிவில் கரி தானே பற்றிக்கொள்கிறது.

பற்றிய பின்பு நெருப்பே தனக்கு வழி செய்துகொள்கிறது. கரி எரிந்து சாம்பலான இடம் வெற்றிடமாகிறது, மேல்நிலம் அமிழ்கிறது, புதிய வெடிப்புகள் தோன்றுகின்றன, அவை புகைபோக்கிகளாகி மேலும் காற்றை இழுக்கின்றன. ஜரியாவில் முதல் நெருப்பு 1916இல் பௌரா சுரங்கத்தில் காணப்பட்டது.

அறிந்த மருந்து

இதற்கு மருந்து தெரியாமல் இல்லை. கரி எடுத்த வெற்றிடத்தில், ஆற்று மணலை நீருடன் கலந்து குழாய் வழியே செலுத்தி நிரப்பிவிட்டால் கூரையும் சரியாது, காற்றும் புகாது. அரசு அமைத்த நிலக்கரிக் குழு 1937இல் அளித்த அறிக்கையில் வீணடிக்கும் சுரங்க முறைகளைச் சுட்டிக் காட்டியது. 1939இல் மணல் நிரப்புவதற்கென்றே ஒரு சட்டமும் வந்தது. ஆனால் நிரப்புவதற்குச் செலவு உண்டு. வெட்டுவதற்கு வருமானம் உண்டு. பல சுரங்கங்களில் எது வென்றது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

1972இல் கல்கரிக்கான நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. அப்போது கணக்கிடப்பட்ட நெருப்புகள் 70. அவற்றின் பரப்பு 17 சதுர கிலோமீட்டருக்கு மேல். எரிந்து வீணான கரி சுமார் 3.7 கோடி டன் என்று மதிப்பிடுகிறார்கள். பிறகு வந்த பெரிய திறந்தவெளிச் சுரங்கங்கள் எரியும் கரியைத் தோண்டி அகற்ற உதவின. அதே சமயம் புதிய கரி முகங்களைக் காற்றுக்குத் திறந்தும் வைத்தன, தூசியைப் பெருக்கின.

மேலே வாழும் மக்கள்

நெருப்பு நிலத்தடியில் என்றாலும் துன்பம் நிலத்தின் மேல்தான். வெடிப்புகளிலிருந்து கார்பன் மோனாக்சைடும் கந்தக டை ஆக்சைடும் வெளிவருகின்றன. வீட்டுச் சுவர்கள் பிளக்கின்றன. திடீரென நிலம் உள்வாங்குகிறது. நெருப்பின் அச்சத்தால் தன்பாத்–சந்திரபுரா ரயில் பாதையே 2017இல் மூடப்பட்டு, 2019இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது.

நெருப்பை அடக்கவும் மக்களைக் குடியமர்த்தவும் 2009இல் பெருந்திட்டம் ஒன்று ஏற்கப்பட்டது. 2021 ஆய்வின்படி, மேற்பரப்பில் நெருப்புள்ள இடங்கள் 77இலிருந்து 27ஆகக் குறைந்தன. இது நல்ல செய்தி. ஆனால் மக்களை இடம் பெயர்ப்பது நெருப்பை அணைப்பதைவிடக் கடினமாக இருந்தது. பெல்காரியாவில் புது வீடுகள் எழுந்தன. எனினும் கரியை நம்பிப் பிழைப்பவர்களின் வருமானம் பழைய ஊரிலேயே இருந்தது. வீடு மட்டும் வாழ்க்கை ஆகிவிடுமா? 2025இல் ஏற்கப்பட்ட திருத்தத் திட்டம் பிழைப்புக்கான வழிகளிலும் கருத்துச் செலுத்துகிறது.

நூறாண்டுக்கு முன்பு மணல் நிரப்பாமல் மிச்சப்படுத்திய பணம், கணக்கிலிருந்து மறைந்துவிடவில்லை. அந்தக் கரியை ஒருபோதும் விற்றிராத மக்கள், விரிந்த சுவர்களாலும் புகை நிறைந்த மூச்சாலும் அதை இன்று செலுத்தி வருகிறார்கள். கரியின் விலை என்பது வெட்டி எடுக்கும் கூலி மட்டும் அன்று; எடுத்த இடத்தை மூடி வைக்கும் செலவும் சேர்ந்ததே.