பாசண்டம் பட்ட பாடு

போலிச் சாமியார் யாராவது பிடிபட்டால் வடநாட்டில் அவரைப் ‘பாக்கண்டி’ என்று திட்டுவார்கள். பக்தி வேஷக்காரன் என்று அர்த்தம். இந்த வசவின் மூலமான ‘பாசண்டம்’ என்ற சொல்லை ஒரு காலத்தில் பேரரசரே மரியாதையோடு கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் பொறித்த 12ஆம் பெரும்பாறைக் கல்வெட்டின் பேச்சே பாசண்டங்களைப் பற்றித்தான். குஜராத்தின் கிர்நாரில் அது ‘பாசம்ட’. இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் ஷாபாஸ்கடியில் ‘ப்ரஷம்ட’. சமய நெறி, அந்த நெறியில் நிற்கும் கூட்டம், அவ்வளவுதான் பொருள். தன் பாசண்டத்தைத் தூக்கிவைத்து அடுத்தவர் பாசண்டத்தைத் தாழ்த்துகிறவன் தன்னுடையதற்கே கேடு தேடுகிறான் என்கிறார் அரசர். கவனியுங்கள், ‘தன்’ பாசண்டம். அவர் சொல்லும் மருந்து நாவடக்கம். கந்தஹாரில் இந்தக் கல்வெட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர், ‘பாசண்ட’த்துக்குத் தத்துவ ஞானிகளின் பள்ளிக்கு வழங்கிய சொல்லையே போட்டார்.

பிறகு வந்த மனுஸ்மிருதியில் காற்று திசைமாறிவிட்டது. பாசண்டிகளை வாய்ச்சொல்லால்கூட மதிக்கக் கூடாது. அரசன் அவர்களை ஊரைவிட்டே விரட்ட வேண்டும். வேதத்தை ஏற்காதவன் பாசண்டி என்றாகி, அந்தச் சொல் எதிராளிக்கு மட்டுமே உரியதாயிற்று.

தமிழில் அது சாமியின் பெயரிலேயே ஏறியது. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரில் பாசண்டச் சாத்தனுக்குக் கோயில் உண்டு. மாற்றாள் குழந்தைக்கு மாலதி என்ற பெண் பாலூட்ட, பால் விக்கிக் குழந்தை இறந்துவிடுகிறது. கோயில் கோயிலாக ஓடியவளின் துயரைத் தீர்க்கச் சாத்தனே அந்தக் குழந்தையாக வந்து, வளர்ந்து, தேவந்தி என்ற பெண்ணை மணக்கிறான். இதுவும் வேஷம்தான், ஆனால் இரக்கத்தால் போட்டது!

வடக்கே ‘பாஷண்ட’த்தின் ‘ஷ’ ‘க’வாகத் திரிந்து ‘பாக்கண்டம்’ ஆனது. புறநெறி பொய்ந்நெறியாகி, பொய்ந்நெறி வெறும் நடிப்பாகிவிட்டது. 1867இல் ஹரித்வார் கும்பமேளாவில் சீர்திருத்தத் துறவி தயானந்த சரஸ்வதி ‘பாக்கண்ட கண்டினி’ என்று எழுதிய கொடியை நட்டார். பாக்கண்டத்தை உடைக்கும் கொடி. அவர் குறிவைத்தது வேதத்தை ஏற்காத பௌத்தர்களையோ சமணர்களையோ அல்ல. உருவ வழிபாட்டையும், கங்கையில் முங்கினால் பாவம் போகும் என்ற நம்பிக்கையையும். பாசண்டிகளை விரட்டச் சொன்ன சாத்திரங்களைப் போற்றி வளர்ந்த புரோகிதர்களே அன்று அந்தக் கொடியின் எதிரே நின்றார்கள்.