"வீட்டில் சும்மாதானே இருக்கிறாள்" – பிரிட்டனில் பராமரிப்பு உதவித்தொகை வந்த கதை

நோயாளிக்கு உதவித்தொகை கொடுப்பது எல்லாருக்கும் புரிகிற விஷயம். அந்த நோயாளியைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, சோறூட்டுகிறவருக்கு? அவருக்கும் வயிறு இருக்கிறது என்று ஒரு அரசாங்கத்துக்குப் புரிய எவ்வளவு காலம் ஆனது என்று பார்க்க வேண்டுமானால் பிரிட்டனைப் பார்க்கலாம்.

மேரி வெப்ஸ்டர் ஒரு கிறிஸ்தவ சபையின் போதகர். வயதான தாய் தந்தையைக் கவனிக்க 1954-ல் வேலையை விட்டார். கல்யாணம் ஆகாத மகள்தான் பெற்றோரைப் பார்க்க வேண்டும் என்பது அங்கேயும் எழுதாத சட்டம்! சம்பளமும் இல்லை, பின்னாளில் ஓய்வூதியத்துக்கும் வழியில்லை. 1963-ல் தன் நிலையைப் பத்திரிகைகளுக்குக் கடிதமாக எழுதினார். அவரைப் போலவே வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த பெண்களிடமிருந்து பதில்கள் வந்து குவிந்தன. 1965-ல் அவர்களுக்காக ஒரு அமைப்பு பிறந்தது.

அதே 1965-ல் மேகன் டு பாய்சன் என்ற பெண்மணி ஊனமுற்றோர் வருமானக் குழுவைத் தொடங்கினார். நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் அவருக்கு இருந்தது. போரில் காயம் பட்டவருக்குப் பணம் உண்டு, தொழிற்சாலையில் கை போனவருக்கும் உண்டு. நோயில் விழுந்த இல்லத்தரசிக்கு மட்டும் எதுவும் கிடையாது. இதுதான் அவர் கேள்வி. வெப்ஸ்டர், டு பாய்சன் இருவருமே 1969-ல் இறந்துவிட்டார்கள். தாங்கள் கேட்டது கிடைத்ததை இருவரும் பார்க்கவில்லை.

1971-ல் கடுமையான ஊனமுற்றோருக்குத் துணையாள் படி வந்தது. 1976-ல் பராமரிப்பவர் கைக்கே பணம் தரும் திட்டமும் வந்தது. வாரம் குறைந்தது 35 மணி நேரம் பராமரிக்க வேண்டும் என்பது விதி. இது வரைக்கும் சரி. ஆனால் கல்யாணம் ஆன பெண்ணுக்கும், ஒரு ஆணோடு சேர்ந்து வாழும் பெண்ணுக்கும் இது கிடையாது என்றார்கள்! அவள் எப்படியும் வீட்டில்தான் இருந்திருப்பாள் என்பது அரசு சொன்ன காரணம். கல்யாணம் ஆன ஆண் மனைவியைக் கவனித்தால் பணம் உண்டு. அதே மனைவி கணவனைக் கவனித்தால் இல்லை.

1977-ல் ஊனமுற்ற இல்லத்தரசிகளுக்கென்று வந்த ஓய்வூதியம் இதைவிட விசித்திரம். வேலைக்குப் போக முடியாது என்று நிரூபித்தால் மட்டும் போதாது. சமையல், துவைப்பு போன்ற வீட்டு வேலையும் செய்ய முடியாது என்று காட்ட வேண்டும். ஆண்களுக்கு இந்தப் பரீட்சை இல்லை. 1984-ல்தான் இது ஒழிந்தது.

பராமரிப்புத் தொகை விஷயத்தில் கதவைத் தட்டியவர் ஜாக்கி டிரேக். இவர் கல்யாணம் ஆனவர். 1984-ல் தாயார் இவர் வீட்டுக்கு வந்துவிட, வேலையை விட்டுவிட்டு அவரைக் கவனித்தார். உதவித்தொகை கேட்டார், மறுத்தார்கள். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. ஐரோப்பியச் சமத்துவ விதி வேலை செய்வோருக்கானது, இந்தப் பணமோ நோயாளிக்குத் தருவதல்ல, ஆகவே அந்த விதி இதற்குப் பொருந்தாது என்று வாதாடினார்கள். தாயின் நோயால்தானே மகளின் வேலை நின்றது, அவரும் உழைக்கும் மக்களில் ஒருவர்தான் என்று 1986 ஜூன் 24 அன்று தீர்ப்பு வந்தது. வேடிக்கை என்னவென்றால், தோற்கப் போகிறோம் என்று தெரிந்தோ என்னவோ, தீர்ப்புக்கு முதல் நாளே அரசு இறங்கி வந்து கல்யாணம் ஆன பெண்களுக்கும் தருவதாக அறிவித்துவிட்டது. 1984 டிசம்பர் முதல் நிலுவையும் கொடுக்க வேண்டியதாயிற்று.

2003-ல் திட்டத்தின் பெயர் பராமரிப்பாளர் படி என்று மாறியது. ஆனால் ஒரு பொறி உள்ளேயே இருந்தது. 2024-ல் வாரத் தொகை 81.90 பவுண்டு. பகுதி நேர வேலை பார்த்து, கழிவுகள் போக 151 பவுண்டுக்கு மேல் ஒரே ஒரு பவுண்டு கூடினாலும் அந்த வாரத்துப் படி முழுவதும் போய்விடும். துறையோ பல சமயம் உடனே சொல்லாமல், வருடக்கணக்கில் சேரவிட்டு மொத்தமாகத் திருப்பிக் கேட்டது. ஆயிரக்கணக்கான பவுண்டு கடனோடு நின்றவர்கள் பலர். 2025 ஏப்ரலில் வரம்பை 196 பவுண்டாக உயர்த்தினார்கள். ஒரு பவுண்டு கூடினால் முழுத்தொகையும் போகும் என்ற விதியை அப்போதும் தொடவில்லை.