மௌனம் எப்போது சம்மதம்? ஓட்டிசம் உள்ளோரின் திருமணமும் நமது மரபும்

"கலியாணத்தக் கட்டி வெச்சா எல்லாம் சரியாப் போகும்." மாத்தளை மாவட்டத்து முஸ்லிம் ஊர்களில், உக்குவளையானாலும் வரக்காமுறையானாலும் கலேவெலயானாலும், இந்த வார்த்தையைக் கேட்டிருப்போம். யாரோடும் ஒட்டாமல் தனித்திருக்கும் மகனைப் பற்றி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் மகளைப் பற்றி, வீட்டுப் பெரியவர்கள் சொல்வது. இதற்கு நேர் எதிரான வார்த்தையும் அதே திண்ணையில்தான் பிறக்கிறது: "அவனுக்கு என்னத்துக்குக் கலியாணம்? அவன் இன்னும் சின்னப் புள்ள மாதிரி." ஒன்று மணம் முடித்து வைக்கச் சொல்கிறது, மற்றது வேண்டாம் என்கிறது. இரண்டிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. சம்பந்தப்பட்டவரிடம் யாரும் கேட்பதில்லை.

இந்தக் கேள்வி இப்போது அவசரமாகியிருக்கிறது. இலங்கையில் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் அவரது குழுவினரும் 18 முதல் 24 மாதங்கள் வரையான 374 குழந்தைகளைப் பரிசோதித்து 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 93 பேருக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசம் இருப்பதாக அது காட்டியது. சிறிய ஆய்வுதான்; முழு நாட்டுக்கும் அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் அன்று தாயின் இடுப்பில் இருந்த அந்தத் தலைமுறை இன்று திருமண வயதின் வாசலில் நிற்கிறது. 2012 கணக்கெடுப்பின்படி மாத்தளை மாவட்ட மக்களில் நூற்றுக்கு ஒன்பது பேரளவில் முஸ்லிம்கள். நமது வீடுகளிலும் அந்தத் தலைமுறை வளர்ந்துகொண்டிருக்கிறது.

பெயர் வந்த கதை

ஓட்டிசம் என்ற சொல்லை 1911இல் சுவிஸ் மனநல மருத்துவர் ஒய்கன் புளூலர் வேறொரு நோயை விளக்கும்போது உருவாக்கினார். இன்று நாம் அறியும் பொருளில் அதை நிலைநாட்டியவர் லியோ கனர். அமெரிக்காவின் பால்டிமோரில் 11 பிள்ளைகளை அவதானித்து 1943இல் எழுதினார். அடுத்த ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பெர்கர் இதேபோன்ற பிள்ளைகளைப் பற்றி எழுதினார். இவர்களுக்கு முன்பே, 1925இல், குரூன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் மொஸ்கோவில் எழுதியது நெடுங்காலம் கவனிக்கப்படாமல் கிடந்தது. 1981இல் இங்கிலாந்தின் லோர்னா விங் அஸ்பெர்கரின் எழுத்தை உலகுக்கு எடுத்துக்காட்டினார். ஓட்டிசம் ஒரே அச்சில் வார்த்தது அல்ல, பல அளவுகளில் பரந்து கிடக்கும் ஒன்று என்ற எண்ணம் அதன் பிறகே வேரூன்றியது. தமிழில் இதை மதியிறுக்கம் என்றும் எழுதுகிறார்கள்.

இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் பிள்ளைகளைப் பற்றித்தான் எழுதினார்கள். அந்தப் பிள்ளைகளும் வளர்ந்து பெரியவர்களானார்கள். கனரின் முதல் பிள்ளையான டொனால்ட் டிரிப்லெட் மிசிசிப்பியின் சிற்றூர் ஒன்றில் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், தனியே நாடு நாடாகப் பயணம் செய்தார். மணமுடிக்காமலே வாழ்ந்து 2023இல், 89ஆவது வயதில் காலமானார். மறுபக்கம், ஓட்டிசம் உள்ள ஜெரி நியூபோர்ட், மேரி நியூபோர்ட் இருவரும் 1994இல் ஒருவரையொருவர் மணந்தார்கள். அவர்களது வாழ்க்கையைத் தழுவி 2005இல் ஒரு திரைப்படமே வந்தது. நம்மவர்களுக்குப் பழக்கமான உதாரணம் 2010இல் வந்த 'மை நேம் இஸ் கான்'. ஷாருக் கான் நடித்த ரிஸ்வான் கான் என்ற பாத்திரம் ஓட்டிசம் உள்ள முஸ்லிம் இளைஞன். அவன் காதலிக்கிறான், நேரடியாகச் சொல்கிறான், மணக்கிறான்.

ஜெர்மனியில் ஓட்டிசம் உள்ள வயதுவந்தோர் 229 பேரிடம் நடத்தி 2017இல் வெளியான ஆய்வில், துணை வேண்டும் என்ற விருப்பமே இல்லை என்றவர்கள் நூற்றுக்கு 7 பேர்தான். பிறர் துணையின்றித் தம் காரியங்களைப் பார்த்துக்கொள்ளக் கூடியவர்களிடம் கேட்ட ஆய்வு அது. என்றாலும், "அவனுக்கு அந்த ஆசையெல்லாம் இல்ல" என்று வீட்டில் நாமே தீர்மானித்துவிடுவதை அது கேள்விக்குள்ளாக்குகிறது.

தடுத்த சட்டங்கள்

மனவளர்ச்சி வேறுபட்டவர்கள் மணமுடிப்பதையும் பிள்ளை பெறுவதையும் சட்டத்தாலேயே தடுத்த காலம் மேற்குலகில் இருந்தது. 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கட்டாயக் கருத்தடையை அங்கீகரித்தது. 1933இல் நாஜி ஜெர்மனி அதையே பெரும் அளவில் சட்டமாக்கியது. அஸ்பெர்கரும் பிள்ளைகள் கொல்லப்பட்ட வியன்னா நிலையத்துக்குச் சிலரை அனுப்பினார் என்பதை 2018இல் ஹெர்விக் செக் என்ற வரலாற்றாய்வாளர் ஆவணங்களுடன் வெளிக்கொணர்ந்தார். ஆகவே, மேற்கில் எல்லாம் எப்போதும் முன்னேற்றமாகவே இருந்தது என்று நினைக்க வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு மணமுடிக்கும் உரிமையுண்டு என்று ஐக்கிய நாடுகள் சபையின் உடன்படிக்கை 23ஆம் உறுப்புரையில் கூறியது 2006இல்தான். இலங்கை அதை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது.

மதீனாவில் ஒரு வழக்கு

அந்த உடன்படிக்கையின் 12ஆம் உறுப்புரை ஒரு புதிய கொள்கையைச் சொல்கிறது: முடிவெடுக்கச் சிரமப்படுபவரின் உரிமையைப் பறிக்காதே, முடிவெடுக்க உதவி செய். புதிதாகத் தோன்றினாலும் ஹதீஸ் வாசிப்போருக்கு இது பழகிய செய்தி.

ஹப்பான் இப்னு முன்கித் (ரழி) என்ற ஸஹாபி தலையில் பட்ட காயத்தால் புத்தி தளர்ந்து, வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்தார். அவரது குடும்பத்தார் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, அவர் வியாபாரம் செய்வதைத் தடை செய்யும்படி கேட்டார்கள். நபியவர்கள் அவரை அழைத்து வேண்டாமென்றார்கள்; என்னால் விட முடியாது என்றார் அவர். தடை அதற்கு மேல் போகவில்லை. ஒவ்வொரு பேரத்திலும் ஏமாற்றுக்கு இடமில்லை என்று சொல்லிக்கொள்ளும்படி கற்றுக் கொடுத்தார்கள். பொருளைத் திருப்பித்தர மூன்று நாள் அவகாசமும் கொடுத்ததாக அறிவிப்புண்டு. குடும்பம் பூட்டுக் கேட்டது, நபியவர்கள் கைத்தடி கொடுத்தார்கள்.

அனஸ் (ரழி) அறிவித்து முஸ்லிமில் பதிவான இன்னொரு செய்தி. புத்தியில் ஏதோ இருந்த ஒரு பெண் வந்து, தனக்கு ஒரு தேவை இருப்பதாகச் சொன்னாள். நபியவர்கள் அவளை இன்னாரின் உம்மா என்று மரியாதையோடு விளித்து, எந்தத் தெருவில் நின்று பேசலாம் என்பதை அவளே தெரிந்தெடுக்கச் சொன்னார்கள்; அவள் பேசி முடிக்கும் வரை கூடவே இருந்தார்கள். இடத்தையும் நேரத்தையும் அவளிடமே விட்டார்கள். அவளுக்காக வேறு யாரையும் பேச வைக்கவில்லை.

பரீரா (ரழி) அவர்களின் சம்பவம் நமக்குத் தெரிந்ததே. விடுதலையான பின் கணவர் முகீதை அவர் வேண்டாமென்றார். முகீத் மதீனாத் தெருக்களில் அழுதுகொண்டு பின்னால் திரிந்தார். நபியவர்கள் பரிந்து பேசினார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார், பரிந்துரைதான் என்றார்கள். அப்படியானால் வேண்டாம் என்றார். அத்தோடு விஷயம் முடிந்தது. இங்கே காதலுக்கும் இடமிருக்கிறது, மறுப்புக்கும் இடமிருக்கிறது.

ஃபிக்ஹில் மௌனம்

இனி நம் விஷயத்தின் நடுவுக்கு வருவோம். கன்னிப் பெண்ணின் மௌனம் அவளது சம்மதம் என்பது நாம் அறிந்த சட்டம். அது எப்படி வந்தது? கன்னிப் பெண் வெட்கப்படுவாளே என்று ஆயிஷா (ரழி) கேட்டபோது வந்த விடை அது. ஆக, மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் வெட்கம். மனம் விரும்புகிறது, நாவு கூசுகிறது என்ற நிலை.

ஓட்டிசம் உள்ள ஒரு பெண்ணின் மௌனத்துக்கு இந்தக் காரணம் பொருந்தாமல் போகலாம். வீடு நிறைய ஆட்கள், சத்தம், அத்தர் வாசனை, புதுத் துணியின் உறுத்தல். இவற்றுக்கு நடுவே கேள்வி காதில் விழுந்தும் பதில் வராமல் உறைந்து போவாள். அல்லது, சொன்னதைத் திருப்பிச் சொல்வது அவளது வழக்கமானால், "ஓம் எண்டு சொல்லு மகள்" என்றதும் "ஓம்" என்பாள். அது எதிரொலி. அதைச் சம்மதம் என்று எழுதிவிட முடியாது.

முன்னைய ஃபுகஹாக்கள் இதைக் கவனிக்காதவர்களல்ல. மௌனத்தோடு சேர்ந்து வரும் அறிகுறிகளையும் ஹனஃபி நூல்கள் ஆராய்கின்றன: சத்தமிட்டு அழுதால், கேலியாகச் சிரித்தால், அது சம்மதமாகாது. 1869 முதல் 1876 வரை உஸ்மானியப் பேரரசு தொகுத்த மஜல்லாவின் 67ஆம் விதி, பேசாதவர் மீது ஒரு பேச்சைச் சுமத்தக் கூடாது என்பதைப் பொதுச் சட்டமாகவும், பேச வேண்டிய இடத்து மௌனத்தை விதிவிலக்காகவும் வைக்கிறது. 70ஆம் விதி, ஊமையின் வழக்கமான சைகையை நாவின் பேச்சுக்குச் சமமாக்குகிறது. வாய் பேசாத, ஆனால் எழுதியோ படத்தைத் தொட்டோ பதில் சொல்லும் ஒரு ஓட்டிசப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவான கதவு வேண்டுமா?

ஒன்றை மறக்கக் கூடாது. ஓட்டிசம் பைத்தியமன்று. மஜ்னூனுக்குரிய சட்டத்தைத் தூக்கி இங்கே வைப்பது தவறு. மஜ்னூனிலும்கூட நிரந்தர நிலையையும் தெளிவு வந்து போகும் நிலையையும் ஃபுகஹாக்கள் பிரித்தார்கள். நமக்கு அந்தப் பொறுமை வேண்டும்.

மாத்தளைக்கு வந்த சட்டம்

ஆங்கிலேயர் 1806இல் தொகுத்த முஸ்லிம் சட்டக்கோவை, 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலம் கண்டிப் பிரதேசத்துக்கும் விரிந்தது. மாத்தளைக் கிளர்ச்சி நடந்து நான்கே ஆண்டுகளில். 1929ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் 1937இல் நடைமுறைக்கு வந்து காதிமார் முறையை அமைத்தது. இன்றுள்ளது 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம்.

ஷாஃபிஈ மணமகளுக்கு வலி இன்றி நிகாஹ் இல்லை என்பதை அச்சட்டத்தின் 25ஆம் பிரிவு வலியுறுத்துகிறது. மணமகனும் வலியும் பதிவில் கையொப்பமிட வேண்டும். மணமகளின் கையொப்பத்தை 1951இல் இயற்றப்பட்ட சட்டம் கேட்கவில்லை. 2009இல் நியமிக்கப்பட்டு 2018இல் அறிக்கை கொடுத்த நீதியரசர் சலீம் மர்சூஃப் குழுவின் காலத்தில் இது பெரிதாக விவாதிக்கப்பட்டது. அந்த வாதப் பிரதிவாதங்களில் ஓட்டிசம் உள்ள மணமகளை யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆனால் எந்த ஏற்பாட்டிலும் முதலில் மறைந்து போகும் குரல் அவளுடையதுதான். கையொப்பம் என்பது அவளிடம் ஒருதரமாவது புத்தகத்தைக் கொண்டு செல்ல வைக்கும் ஒரு காரணம்.

மகனின் நிலையும் இலகுவானதல்ல. கபூல் சொல்லப் பழக்கி மேடையில் உட்கார வைத்துவிடுவார்கள். பெண் வீட்டாருக்கு ஒன்றும் சொல்ல மாட்டார்கள். "முந்திச் சொன்னா யாரு பொண்ணு தருவாங்க?" மறைப்பதைப் பற்றி உமர் (ரழி) அவர்களின் தீர்ப்பொன்று இமாம் மாலிக்கின் முவத்தாவில் இருக்கிறது. பெண்ணின் குறையை மறைத்து மணமுடித்துக் கொடுத்து, இல்லறமும் நடந்துவிட்டால், மஹர் அவளுக்கே முழுமையாகச் சேரும்; கணவன் அந்த நஷ்டத்தை மறைத்த வலியிடம் அறவிட வேண்டும். ஓட்டிசத்தை அந்தக் குறைகளோடு சேர்க்க வேண்டியதில்லை. பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்பதுதான் பாடம். மறைத்தவர் தலையில், மறைக்கப்பட்டவர் தலையில் அல்ல.

நிகாஹ்வின் வெளிப்படை

மேற்கில் ஓட்டிசம் உள்ளவர்கள் காதல் வாழ்க்கையின் பெருஞ்சிரமமாகச் சொல்வது எழுதப்படாத விதிகளை. கண்ணசைவு, குறிப்பு, சொல்லாமல் சொல்லும் பேச்சு. இந்தப் புரிதல் சிக்கல் இரு பக்கத்துக்கும் சமம் என்று 2012இல் டேமியன் மில்டன் எழுதினார். அவரும் ஓட்டிசம் உள்ளவரே. மற்றவர்களுக்கும் இவர்களைப் புரியவில்லை என்பதே அவர் சொன்னது.

நிகாஹ்வைப் பாருங்கள். ஈஜாப், கபூல் வாயால் சொல்லப்படுகிறது. மஹர் இவ்வளவு என்று எண்ணிச் சொல்லப்படுகிறது. சாட்சிகள் கேட்கிறார்கள். நிபந்தனைகளை முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். தெளிவான சொல்லை விரும்பும் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் அரிது. அந்த வாசலில் அவருக்குப் பதிலாக மற்றவர்கள் நுழைந்துவிடும்போதுதான் அதன் பயன் கெடுகிறது.

செய்யக்கூடியவை பெரிய காரியங்களல்ல. பெண் பார்க்கும் சந்திப்பைக் கூட்டமின்றி, மஹ்ரம் கூட இருக்க, இரண்டு மூன்று தரம் வைக்கலாம். கேள்விகளை எழுத்தில் கொடுத்து, ஒரு வாரம் அவகாசமும் கொடுக்கலாம். மணவாழ்க்கை என்றால் என்ன, உடலுறவு என்றால் என்ன, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்பதை வாப்பாவோ உம்மாவோ வெட்கமின்றி விளக்க வேண்டும். விளங்கியதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லவோ, தன் வழியில் காட்டவோ வைத்துப் பார்க்க வேண்டும். மறுதரப்புக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். அதையும் பிள்ளையின் சம்மதத்தோடு. விவாகப் பதிவாளர் புத்தகத்தைத் திறக்கும் முன், வலியைத் தள்ளி நிற்கச் சொல்லி, மணமகளிடம் ஒருதரம் நேரில் கேட்கலாம். எந்தச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை.

வேண்டாம் என்று பதில் வந்தால் அதையும் ஏற்கத்தான் வேண்டும். பரீராவுக்குக் கிடைத்த உரிமை, மாத்தளையின் ஒரு வீட்டுப் பின்னறையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் உரியது.